ஃபேன்கூட இல்லாத வீட்டுக்கு ஏன் இவ்வளவு கரண்ட் பில்?

மார்கழி, தை மாதங்களுக்கான பில் வந்ததும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பல வீடுகளில் ஒரே கேள்விதான். ஏசி கிடையாது. கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லை. ஃப்ரிட்ஜ் பாதி நேரம் சும்மா நிற்கிறது. அப்புறம் எப்படி, கோயம்புத்தூரில் ஏசி போட்டுத் தூங்குகிற தங்கை வீட்டுக்கு வருகிற அளவுக்கு இங்கேயும் பில் வருகிறது? மீட்டர் பழுது, ரீடிங் தப்பு, லோ வோல்டேஜில் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மாவட்டம், குந்தாவில் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிற மாவட்டம், நமக்கே இந்தக் கட்டணமா என்ற ஆதங்கமும் கூடவே வரும்.

ஆதங்கம் நியாயம்தான். ஆனால் கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்று. குளிர் பிரதேசத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. மீட்டரும் பெரும்பாலான வீடுகளில் சரியாகவே ஓடுகிறது. பில் ஏறுவதற்கான காரணம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மலை வீட்டில் மின்சாரம் பெரும்பாலும் எதையாவது சூடாக்கத்தான் செலவாகிறது. இரண்டு, கட்டணம் படிப்படியாக ஏறுவதால் கடைசியாகச் சேரும் யூனிட்டுகள் முதல் யூனிட்டுகளைவிடப் பல மடங்கு விலை. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஒரு கருவியை ஓட்ட உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது தெரியும்.

வாட் வேறு, யூனிட் வேறு

கருவியின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில் ‘2000 வாட்’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எவ்வளவு நேரம் இழுக்கப் போகிறது என்பது நம் கையில். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது யூனிட். மீட்டர் எண்ணுவது அதைத்தான்.

1. வாட்டை மணிநேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். அதே 1 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும்.

2. அதிக வாட் என்றாலே அதிகச் செலவு என்று நினைக்க வேண்டாம். 750 வாட் மிக்ஸி தினமும் 10 நிமிடம் ஓடினால் 0.125 யூனிட், இரண்டு மாதத்துக்கு 7 அல்லது 8 யூனிட். வெறும் 10 வாட் இழுக்கிற செட்-டாப் பாக்ஸ், டிவியை ரிமோட்டில் அணைத்த பிறகும் இரவு பகலாக உயிரோடு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டும். சத்தம் போடுகிற மிக்ஸியைவிடச் சத்தமில்லாத பெட்டி இரண்டு மடங்கு தின்கிறது.

3. தகட்டில் இருப்பது அதிகபட்ச வாட். அயர்ன் பாக்ஸ், கீசர், ஃப்ரிட்ஜ் போன்றவை தேவையான சூடோ குளிரோ வந்ததும் தாமாகவே நின்று, மறுபடி தொடங்கும். அவற்றை வாட்டை வைத்துக் கணக்கிட்டால் தப்பாக வரும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான அளவு. அந்தச் சோதனையை நம் வீட்டு அறையைவிட நல்ல சூடான அறையில் வைத்துச் செய்வதால், ஊட்டியில் அதைவிடக் குறைவாகவே ஆகும்.

குளிர் காலத்தில் ஃப்ரிட்ஜை இரவில் அணைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாவது சொற்பம். அறையே பத்து டிகிரிக்குக் கீழே போனால் சூட்டைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று உள்ள ஃப்ரிட்ஜ், உள்ளே போதுமான குளிர் இருப்பதாக நினைத்து மோட்டாரை ஓட்டாமலே இருந்துவிடும். ஃப்ரீசரில் வைத்த கறி இளகுவது அதனால்தான்; ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

வெந்நீர்: கருவியை மறந்துவிட்டுத் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

மலை வீட்டுப் பில்லில் பாதிக்கு மேல் வெந்நீருக்கே போய்விடலாம். இதில் நல்ல செய்தி, கீசரா, ராடா, எத்தனை வாட் என்ற எதுவும் தெரியாமலே இதைக் கணக்கிட முடியும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது இயற்கையில் நிலையான அளவு. அதை யூனிட்டுக்கு மாற்றினால் வரும் சூத்திரம் இதுதான்:

லிட்டர் × ஏற்ற வேண்டிய டிகிரி ÷ 860 = யூனிட்

ஒரு வாளி 20 லிட்டர், குளிக்கிற சூடு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குழாயில் வரும் தண்ணீரின் சூடு ஊருக்கு ஊர் மாறும்.

1. சென்னையில் 28 டிகிரி என்றால் ஏற்ற வேண்டியது 12 டிகிரி. ஒரு வாளிக்கு 0.28 யூனிட்.

2. கூடலூரில் 20 டிகிரி என்றால் 0.47 யூனிட்.

3. ஊட்டியில் ஜனவரிக் காலையில் 12 டிகிரி என்றால் ஏற்ற வேண்டியது 28 டிகிரி. ஒரு வாளிக்கு 0.65 யூனிட்.

ஒரே வாளி, ஒரே சூடு, ஒரே கீசர். சென்னையைவிட ஊட்டியில் இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகிறது. அதுவும் சென்னையில் பாதிப் பேர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிடுகிறார்கள்.

ராடைப் போட்டாலும் இதே 0.65 யூனிட்தான் அடிப்படை. 1500 வாட் ராடு அதற்கு 26 நிமிடம் எடுக்கும். மூடாத வாளியில் ஆவி பறக்கும், பிளாஸ்டிக் சுவர் வழியே சூடு போகும் என்பதால் நடைமுறையில் அரை மணி நேரம், முக்கால் யூனிட். ‘ராடு கரண்டை இழுக்கும், கீசர் இழுக்காது’ என்ற பேச்சில் பொருளில்லை. ராடைப் போட்டுவிட்டு மறந்துபோவதில்தான் நஷ்டம், ஆபத்தும்.

தொட்டி வைத்த கீசருக்கு இன்னொரு செலவு உண்டு. சூடான தண்ணீரை வைத்திருக்கிற வரைக்கும் அது ஆறிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி சூடாக்கும். 25 லிட்டர் கீசரை நாள் முழுக்கப் போட்டே வைத்தால், ஒரு சொட்டு வெந்நீர் திறக்காமலே அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை போகும். குளியலறையே ஐஸ் மாதிரி இருக்கிற வீட்டில் மேல் எல்லையை எதிர்பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 30 முதல் 60 யூனிட். ஸ்டார் லேபிளில் கீசருக்குப் போடுகிற நட்சத்திரம் இந்த ஆறுகிற நஷ்டத்துக்குத்தான். தண்ணீரைச் சூடாக்கும் வேலையில் ஒரு ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் வித்தியாசம் இல்லை. காலையில் முக்கால் மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கிறவருக்கு ஐந்து ஸ்டாரால் பெரிய லாபம் வராது. போட்டது போட்டபடி இருக்கிற வீட்டுக்கு வரும்.

இன்ஸ்டன்ட் கீசர் வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்கள் மலையில் அதிகம். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 12 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தர முடியும். சென்னையில் அதே கருவி மூன்றரை லிட்டர் தரும். ஊட்டியில் ஒரு வாளி நிறைய 13 நிமிடம். அவசரப்பட்டுக் குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். கருவி மேல் குற்றமில்லை, கடைக்காரர் சமவெளிக் கணக்கைச் சொல்லி விற்றிருப்பார்.

குடிக்கிற வெந்நீர் இதே கணக்கில் மலிவு. கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க வைக்க 0.1 யூனிட்கூட ஆகாது. ஊட்டி உயரத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டரில், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதும் இதில் ஒரு சின்ன சலுகை. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதே காரணத்தால் நேரம் பிடிக்கும் என்பது வேறு விஷயம். குக்கர் இல்லாமல் இங்கே சமையல் இல்லை.

அறை ஹீட்டர்: எல்லாமே ஒன்றுதான், ஒன்றைத் தவிர

சிவப்பாக எரியும் கம்பி ஹீட்டர், காற்று ஊதும் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் என்று விலை ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை போகிறது. ‘இது கரண்ட் குறைவாக எடுக்கும்’ என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வார்கள். கம்பியில் மின்சாரம் ஓடிச் சூடாகிற எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். கூடவும் தராது, குறையவும் தராது. வித்தியாசம் சூடு எங்கே போகிறது என்பதில். கம்பி ஹீட்டர் எதிரில் உட்கார்ந்தவரை உடனே சூடாக்கும், நகர்ந்தால் போச்சு. எண்ணெய் ரேடியேட்டர் அறையை மெதுவாகச் சூடாக்கும். தெர்மோஸ்டாட் இருப்பதால் அறை சூடானபின் விட்டுவிட்டு ஓடும். ஆனால் தகரக் கூரையும் ஜன்னல் இடுக்குமாக இருக்கிற வீட்டில் அறை சூடானால்தானே அது நிற்க? அப்படிப்பட்ட அறையில் 2000 வாட் ஹீட்டர் இரவு இரண்டு மணி நேரம் ஓடினால் முழுசாக 4 யூனிட் என்றே எழுதிக்கொள்ளலாம்.

மின்சாரப் போர்வையின் கணக்கு வேறு மாதிரி. 80 வாட் போர்வை எட்டு மணி நேரம் எரிந்தாலும் 0.64 யூனிட். அது அறையைச் சூடாக்குவதில்லை, ஆளை மட்டும் சூடாக்குகிறது. தூங்கும் நேரத்துக்கு மட்டும் சூடு போதும் என்றால் இதைவிட மலிவான மின்கருவி எதுவும் இல்லை.

நான் சொன்ன விதிவிலக்கு, சூடும் தருகிற ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி. அது சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே கடத்துகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். ஏசி என்ற பெயரைக் கேட்டதும் ‘ஊட்டியில் ஏசியா?’ என்று சிரித்துவிடுகிறோம். தினமும் மூன்று நான்கு மணி நேரம் அறையைச் சூடாக்கியே ஆகவேண்டிய வீட்டில், வயதானவர்கள் இருக்கிற வீட்டில், சிரிக்காமல் விசாரிக்க வேண்டிய கருவி அது. உறைபனி விழுகிற இரவில் வெளியே இருக்கும் பெட்டியில் பனி படிந்து அதன் திறன் குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதும் அதே ஆபத்துதான்.

மழைக் காலத்துத் துணி

ஆனி, ஆடியில் பள்ளிக்கூடத்து ஸ்வெட்டரும் சாக்ஸும் காயாமல் அயர்ன் பாக்ஸால் தேய்த்தே காய வைப்பது இங்கே வழக்கம். துணியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, எந்தக் கருவியாக இருந்தாலும், சுமார் 0.7 யூனிட் வேண்டும். கையால் பிழிந்த ஒரு பக்கெட் துணியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் சாதாரணமாக நிற்கும். அதையே வாஷிங் மெஷினின் ஸ்பின்னில் ஐந்து நிமிடம் சுற்றினால் 0.05 யூனிட்கூட ஆகாமல் பெரும்பகுதி தண்ணீர் வெளியேறிவிடும். தண்ணீரைச் சுழற்றி வெளியேற்றுவது மலிவு, ஆவியாக்குவது விலை அதிகம். மெஷினில் வெந்நீர்த் துவையலைத் தேர்ந்தெடுத்தால் முன்பு சொன்ன லிட்டர்-டிகிரி சூத்திரம் அங்கேயும் பொருந்தும்: 15 லிட்டரை 12-இலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் மோட்டாருக்கு மட்டும் 0.1, 0.2 யூனிட்.

யூனிட்டை ரூபாயாக்குவது

இங்கேதான் பலருடைய கணக்கு தடம் மாறுகிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரிலிருந்து கிடையாது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுப் பில்லில் வரும் விகிதத்தை வைத்துக்கொண்டு கீழே கணக்கிடுகிறேன். விகிதம் மாறினால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

1. மொத்தம் 500 யூனிட் வரை உபயோகித்தால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

2. மொத்தம் 500-ஐத் தாண்டினால்: 101 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

நான்கு பேர் உள்ள ஒரு ஊட்டி வீட்டை எடுத்துக்கொள்வோம். தினமும் நான்கு வாளி வெந்நீர் 2.6 யூனிட், கீசர் ஆறுகிற நஷ்டம் அரை யூனிட். 60 நாளுக்கு 186. ஃப்ரிட்ஜ் 30. ஆறு எல்.இ.டி. பல்பு ஐந்து மணி நேரம் எரிய 16. டிவி 24, செட்-டாப் பாக்ஸ் 14, வைஃபை பெட்டி 12. மிக்ஸி 8, கிரைண்டர் 1, வாஷிங் மெஷின் 6, அயர்ன் 15. ஆக 312 யூனிட். பில்: இரண்டாவது நூறுக்கு 235 ரூபாய், மீதி 112 யூனிட்டுக்கு 526.40. மொத்தம் 761 ரூபாய் 40 காசு. பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போது இரவு இரண்டு மணி நேரம் 2000 வாட் ஹீட்டரைச் சேர்ப்போம். தினம் 4 யூனிட், 60 நாளுக்கு 240. மொத்தம் 552. பில் இரண்டாவது பட்டியலுக்கு மாறிவிடுகிறது: 300 யூனிட்டுக்கு 1410, அடுத்த நூறுக்கு 630, மீதி 52-க்கு 436.80. மொத்தம் 2476 ரூபாய் 80 காசு.

ஹீட்டருக்கு எவ்வளவு ஆனது? பொதுவாகச் செய்வது, மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுப்பது. 2476.80-ஐ 552-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு சுமார் 4.49 ரூபாய், ஹீட்டருக்கு சுமார் 1077 ரூபாய். இது தப்பு. ஹீட்டர் இல்லாவிட்டால் 761.40 கட்டியிருப்போம், இருந்ததால் 2476.80. ஆக ஹீட்டரின் விலை 1715 ரூபாய் 40 காசு, யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். இலவச நூறும் மலிவான நூறும் ஹீட்டர் வருவதற்கு முன்பே வீட்டின் அன்றாடத் தேவைக்குத் தீர்ந்துவிட்டன. கடைசியாக வந்து சேரும் கருவி மேல்படியில்தான் உட்கார முடியும்.

எந்தக் கருவிக்கும் இதே முறைதான்: அது இருந்தால் என்ன பில், இல்லாவிட்டால் என்ன பில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வகுத்தல் வேண்டாம், கழித்தல் போதும்.

500 என்ற கோடு

இரண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1805 ரூபாய். 501 ஓடினால் 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு. 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கான பாதி விலைச் சலுகை பின்னோக்கிப் பறிபோவதே காரணம்.

நம் 552 யூனிட் வீட்டில் 52 யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 671 ரூபாய் 80 காசு. யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 13 ரூபாய். 52 யூனிட் என்பது தினமும் ஹீட்டரை 26 நிமிடம் முன்னதாக அணைப்பது. அல்லது கீசரை நாள் முழுக்க விடாமல் இருப்பதும், செட்-டாப் பாக்ஸையும் வைஃபையையும் இரவில் சுவிட்சில் அணைப்பதும் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். அதே 52 யூனிட்டை 300 யூனிட் ஓடுகிற வீடு மிச்சம் பிடித்தால் 244 ரூபாய்தான். மிச்சம் பிடிப்பதன் மதிப்பும் படியைப் பொறுத்தே இருக்கிறது.

ரீடிங் எடுக்கும் தேதி சில நாள் தள்ளிப்போனால் இந்தக் கோடு உறுத்தும். தினம் 8 யூனிட் ஓடும் வீடு 60 நாளில் 480-இல் நிற்கும். 64 நாளானால் 512. முந்தைய ரீடிங் தேதியை இ.பி. கார்டிலோ பில்லிலோ பார்த்து, ஐம்பதாவது நாள் மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. ஒரே இணைப்பில் இரண்டு மூன்று போர்ஷன்கள் ஓடும் வீடுகளில் சிக்கல் இன்னும் பெரிது: எல்லாருக்கும் சேர்த்து ஒரே இலவச நூறு, 500-ஐத் தாண்டுவதும் சுலபம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்கும் தொகையில் பாதி, பேராசையைவிட இந்தப் படிக்கணக்கால் வருவது.

லோ வோல்டேஜ் பில்லை ஏற்றுமா?

சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஹீட்டர் போட்டதும் பல்பு மங்குகிற பகுதிகள் உண்டு. 230 வோல்ட் 200-ஆக இறங்கினால் 2000 வாட் கீசர் சுமார் 1500 வாட்தான் இழுக்கும். 25 லிட்டரை 12-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 42 நிமிடம் ஆகிற இடத்தில் 55 நிமிடம் ஆகும். யூனிட்? இரண்டிலும் அதே 1.4தான். நேரம் கூடுகிறது, வேகம் குறைகிறது, பெருக்கினால் அதே விடை. மீட்டர் வேகமாக ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், சூடு போதவில்லை என்று நாம் ஹீட்டரை இன்னும் ஒரு மணி நேரம் விடுவது.

இண்டக்ஷனா, கேஸா?

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் ஆறு பங்கு பாத்திரத்துக்குப் போனால் நான்கு பங்கு பக்கவாட்டில் வீணாகும். இண்டக்ஷனில் பத்தில் எட்டுப் பங்கு பாத்திரத்துக்குப் போகும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்ஷன் சுமார் 135 யூனிட்டில் செய்துவிடும். ஆகவே சிலிண்டர் விலையை 135-ஆல் வகுங்கள். 900 ரூபாய் என்றால் 6.67 வரும். உங்கள் கடைசி யூனிட் 4.70 படியில் இருந்தால் இண்டக்ஷன் லாபம். 6.30 படியில் ஏறக்குறைய சமம். 500-ஐத் தாண்டுகிற வீட்டில் கேஸ்தான் மலிவு. அதாவது ஒரே வீட்டுக்குச் சித்திரையில் ஒரு விடை, தையில் வேறு விடை.

மீட்டரை நீங்களே அளப்பது

இத்தனையும் உத்தேசக் கணக்கு. சரிபார்க்க மீட்டரே போதும். அதன் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ, ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் பொறித்திருக்கும்.

1. வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜையும் வைஃபையையும் மறக்க வேண்டாம்.

2. அளக்க வேண்டிய ஒரே கருவியைப் போடுங்கள்.

3. ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 3200 மீட்டரானால் 18.75-ஆல் பெருக்கினால் வாட். 1600 மீட்டரானால் 37.5-ஆல்.

3200 மீட்டரில் 2000 வாட் ஹீட்டருக்கு விளக்கு வினாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை சிமிட்டும், எண்ணுவதே சிரமம். ஃப்ரிட்ஜ் ஓடும்போது நிமிடத்துக்கு ஆறு. செட்-டாப் பாக்ஸுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல்தான் வரும், பொறுமை வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்து எண்ணுவது சுலபம்.

எல்லாவற்றையும் அணைத்தபின்னும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் முதலில் மறந்துபோன கருவியைத் தேடுங்கள். வெளிவிளக்கு, காலிங் பெல், சுவிட்ச் போட்டபடியே இருக்கும் இன்வெர்ட்டர் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் அகப்படும். வீட்டு மெயினையே இறக்கிய பிறகும் சிமிட்டினால், மெயினுக்கு முன்னாலேயே வேறு போர்ஷனுக்கோ ஷெட்டுக்கோ லைன் போகிறது, அல்லது இடையில் ஒயரில் கசிவு இருக்கிறது. ஈரம் இறங்கிய பழைய சுவர்களில் கசிவு அபூர்வம் இல்லை, எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும், எண்ணிய வாட் தகட்டில் இருக்கிற வாட்டைவிடக் கணிசமாகக் கூடுதலாக வந்தால், அப்போது மீட்டர் மீது சந்தேகப்படலாம். பிரிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. எண்ணிய தேதி, நேரம், சிமிட்டல், எந்தக் கருவி என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.